பகையாளியைக் கேட்டு எழுதிய பாராட்டு

கனகசபை போய்விட்டார் என்று ஆள் வந்து சொன்னபோது நான் தலைவாரிக்கொண்டு நின்றேன். சீப்பும் கையுமாகவே அவர் வீட்டை நோக்கி நடந்துவிட்டேன். செத்தவீட்டிலேயே இன்றைய இந்த முப்பத்தோராம் நாள் பாராட்டுரையை என் தலையில் கட்டிவிட்டார்கள். அன்று தொடங்கி எனக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. எதை எழுதினாலும் அவர் சிரிப்பார் போலிருந்தது.

துறைமுகக் கந்தோரில் அவர் எனக்கு அடுத்த மேசைக்காரர். மாற்றலாகிறவர்களுக்கும் ஓய்வுபெறுகிறவர்களுக்கும் பாராட்டுப் பத்திரம் வாசித்து, கண்ணாடி போட்டுக் கொடுப்பது எங்கள் வழக்கம் என்பது உங்களுக்குத் தெரியும். பண்பாளர், அன்பாளர், எளிமையின் சிகரம்! பெயரை மாற்றினால் யாருக்கும் பொருந்தும். கனகசபை எழுத வந்தபின் அது குலைந்தது. பேனையைத் தொடுமுன், பாராட்டுப் பெறுகிற மனிதரோடு கதை பேச்சில்லாத ஆளைத் தேடிப் போவார்.

"இதென்ன விசர் வேலை?" என்று கேட்டேன்.

"ஐசே, நட்பும் பாராட்டுறம், உரிமையும் பாராட்டுறம், பகையும் பாராட்டுறம். நட்புக்காரன் கூட்டிச் சொல்லுவான். உரிமைக்காரன் தன்னைப் பற்றித்தான் சொல்லுவான். பகைக்காரன்தான் ஆளை வடிவாப் பாத்து வச்சிருப்பான்" என்றார்.

மூதூருக்கு லோஞ்ச் படகு ஓட்டிய ஹனிபா நானா ஓய்வுபெற்றபோதும் அப்படித்தான். அவரோடு சண்டைபிடித்த ஒரு மீன் வியாபாரியைக் கேட்டுவந்து எழுதினார்: "அலை எழும்பினால் பயணிகளை ஏசுவார். ஏசி ஏசியே கரைசேர்ப்பார்." மண்டபம் முழுவதும் சிரித்தது. நானா முகம் சிவந்து இறங்கிப் போனார். அதன்பிறகு கனகசபையோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தச் சிரிப்பில் நானும் சிரித்தவன்தான்; ஆனாலும் மனிதரை இப்படிச் சபையில் நோகடிக்கலாமா என்று எனக்குக் கனகசபைமீது கோபம் வந்தது.

கனகசபைக்கும் அவர் முறையிலேயே எழுத நினைத்தேன். அவரோடு பகை பாராட்டியவர் எனக்குத் தெரிந்து நானா ஒருவர்தான். வேறு வழியில்லாமல் போன கிழமை மூதூருக்கு லோஞ்ச் ஏறினேன். குடாவின் நடுவில் திரும்பிவிடலாமா என்றுகூட மனம் பதறியது.

நானா கதிரையை இழுத்துப் போட்டார். வந்த காரியத்தைச் சொன்னேன். சுவரில் அந்தப் பத்திரம் தொங்கிக்கொண்டிருந்தது.

"அவர் எழுதினது பொய்யில்ல. சனம் சிரிச்சதுதான் எனக்கு ஏலாமப் போச்சு" என்றார். பிறகு அவரே தொடர்ந்து சொன்னார்.

"ஒவ்வொரு பெருநாளைக்கும் லோஞ்சில வந்து இறங்கி ஜெட்டியில நிப்பார். நான் முகம் குடுக்கல்ல. அவர் வாறத நிப்பாட்டவுமில்ல. இந்தமுறை மௌத்தான செய்தி தெரிஞ்சும், பெருநாளண்டு ஜெட்டிக்குப் போய்ப் பாத்துக்கொண்டுதான் நிண்டனான். எழுதுறதெண்டா அத எழுதுங்க."

அடுத்த மேசையில் இத்தனை காலம் இருந்தும் எனக்கு இது தெரியாது. பெருநாள் விடுமுறைகளில் அவர் எங்கே போகிறார் என்று ஒருநாளும் நான் கேட்கவில்லை.

ஆகவே, கனகசபையை அறிந்தவர்களே, இன்றைய பாராட்டு என்னுடையதல்ல, ஹனிபா நானாவுடையது. அதை அப்படியே வாசித்துவிட்டேன். நினைவாக எனக்குக் கனகசபையின் பேனை வேண்டாம், அது அவர் பிள்ளைகளிடம் இருக்கட்டும். அந்தப் பெருநாள் லோஞ்ச் பயணத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். வரும் பெருநாளைக்கு மூதூர் ஜெட்டியில் ஆள் நிற்கும்.