கடலுக்குப் போகக் கேட்ட பூ

சென்னைக்குப் போய் இரண்டு நாள் சுற்றிப் பார்த்துவிட்டு வருவதற்கு நான் போட்ட திட்டம், நாற்பது பக்க நோட்டில் பாதியை விழுங்கிவிட்டது. கொல்லிமலையில் எங்கள் ஊர் அங்கன்வாடியை நடத்துகிறவள் நான். எத்தனை பிள்ளைக்கு எத்தனை முட்டை, எந்தப் பிள்ளை எத்தனை கிலோ என்று எழுதி எழுதியே பழகிய கை, சும்மா இருக்குமா? செம்மேட்டில் மத்தியான பஸ், கொண்டை ஊசி வளைவுகளில் குமட்டாமல் இருக்க எலுமிச்சம்பழம் இரண்டு, சேலத்தில் இராத்திரி ரயில், விடிந்தால் சென்னை. முதல் நாள் கடற்கரை, கலங்கரை விளக்கம், அருங்காட்சியகம். இரண்டாம் நாள் பாம்புப் பண்ணை, மெட்ரோ ரயில், விமானம் இறங்குவதைப் பார்க்க விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் குன்று. எல்லாவற்றையும் என் கணவருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் மிளகைக் காம்பிலிருந்து உதிர்த்துக்கொண்டே கேட்டார்.

"பாம்பு பாக்க அத்தன தூரம் போவோணுமா? நம்ம காட்டுல இல்லாத பாம்பா?" என்றார். "எனக்குக் கடல மட்டும் காட்டு புள்ள. மத்ததெல்லாம் உன்ற இஷ்டம்."

பாம்புப் பண்ணையை அடித்துவிட்டேன்.

ஐம்பது வயதைத் தாண்டியும் அவர் கடலைப் பார்த்ததில்லை. நானும்தான் பார்த்ததில்லை. ஆனால் எனக்கு அவசரம் எதுவும் இல்லை. அவருக்கு இருந்தது. கார்த்திகையில் அவரைக் கீழே நாமக்கல்லுக்குக் கண் மருத்துவரிடம் கூட்டிப் போயிருந்தேன். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு வாடிக்கொண்டு வருகிறது என்றார் மருத்துவர். ஓரப் பார்வை முதலில் போகும், நடுவில் ஒரு வட்டம் மிஞ்சும், அந்த வட்டமும் சிறுத்துக்கொண்டே வரும், போனது திரும்பாது. சொட்டு மருந்து விட்டால் இருப்பது கொஞ்ச காலம் நிற்கலாம், நிற்காமலும் போகலாம். எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். மருத்துவர் மேசையில் இருந்த பேனாவை எடுத்து வேறு இடத்தில் வைத்தார். உறுதியாகச் சொல்ல முடியாதும்மா என்றார்.

மலையேறி வரும் பஸ்ஸில்தான் அவர் கடலைப் பற்றி முதல்முதலாகச் சொன்னார். அதே மூச்சில் இன்னொன்றும் சொன்னார்.

"இது ஒருத்தருக்கும் தெரியப்படாது. என்ற மேல சத்தியம் பண்ணு."

காரணம் எனக்குத் தெரியும். எங்கள் பக்கம் மிளகுக்கொடி சில்வர் ஓக் மரத்தைப் பிடித்துக்கொண்டு ஓட்டுக்கூரை உயரத்தையும் தாண்டி ஏறிவிடும். மரத்தில் ஒற்றை மூங்கிலைச் சாத்தி, அதன் கணுக்களில் கால் வைத்து ஏறித்தான் பறிக்க வேண்டும். அதில் இவர் பேர்போன ஆள். மலையின் அந்தக் கோடியில் இருக்கும் குண்டூர் நாட்டிலிருந்துகூடக் கூப்பிட்டு அனுப்புவார்கள். கண் போகிறது என்று தெரிந்தால் எவன் தன் மரத்தில் ஏற்றுவான்? சத்தியம் பண்ணிக் கொடுத்தேன். பறிப்பு தொடங்கியதும் அவர் ஏறிய ஒவ்வொரு மரத்துக்கும் கீழே என் உயிர் போய்ப் போய் வந்தது. ஏறாதீர்கள் என்றால் கேட்க மாட்டார். ஊரிடம் சொல்லித் தடுக்கவும் முடியாது. வாயைக் கட்டிக்கொண்டு அண்ணாந்து பார்ப்பதைத் தவிர எனக்கு வேறு வேலை வைக்கவில்லை அந்த மனிதர்.

காலையில் வாசலில் நின்று எதிர்ச் சரிவைப் பார்ப்பார். அங்கே ஒரு வரப்பு நெடுக வரிசையாகச் சில்வர் ஓக் மரங்கள் நிற்கும். தலையைத் திருப்பாமல் எத்தனை மரம் தெரிகிறது என்று எண்ணுவார். தை மாதம் ஒன்பது. மாசியில் ஏழு. நான் கேட்காமலே எண்ணிக்கையைச் சொல்லிவிட்டுக் காட்டுக்குப் போவார்.

அங்கன்வாடிக்கு மே மாதம்தான் விடுமுறை. அதற்குத்தான் திட்டம் போட்டேன். போட்ட பிறகுதான் நோம்பி, அதாவது ஊர்த் திருவிழா, ஞாபகம் வந்தது. எங்கள் ஊர் மாரியம்மன் நோம்பியும் அநேகமாக அதே நாட்களில்தான் வரும். எந்த நாள் என்று அம்மன்தான் சொல்ல வேண்டும், அதற்குத்தான் பூக் கேட்பது. வெள்ளை அரளி ஒன்றையும் சிவப்பு அரளி ஒன்றையும் தனித்தனி இலையில் ஒரே மாதிரி மடித்து அம்மன் முன்னால் போடுவார்கள். ஒரு சின்னக் குழந்தை ஒன்றை எடுக்கும். வெள்ளை வந்தால் அடுத்த வாரம் நோம்பி. சிவப்பு வந்தால் அம்மனுக்கு மனம் இல்லை, அடுத்த செவ்வாய் மறுபடி கேட்க வேண்டும். முதல் பூக் கேட்ட நாளிலிருந்து நோம்பி முடியும்வரை ஊர்க்காரர் யாரும் வெளியூரில் இராத் தங்கக் கூடாது. ஆஸ்பத்திரிக்கு மட்டும் விலக்கு உண்டு. சித்திரையில் கேட்கத் தொடங்கினால் என் விடுமுறை முழுக்க உள்ளே மாட்டிக்கொள்ளும்.

இங்கேதான் என் மூளை வேலை செய்தது. செய்யாமல் இருந்திருக்கலாம். நோம்பியையே முன்னால் தள்ளி முடித்துவிட்டால் மே மாதம் கையில் கிடைக்குமே என்று, மாசிக் கடைசியில் ஊருக்குத் தலைவரான ஊர்க்கவுண்டர் வீட்டுக்குப் போனேன். அவர் எனக்கு மாமனார் முறை.

"ஏனுங்க மாமா, போன வருஷம் மழையில பந்தலே நனஞ்சு போச்சுங்களே. இந்த வருஷம் கொஞ்சம் முன்னாலயே பூக் கேட்டுப் பாக்கலாமுங்களா?"

"அதுஞ்சரிதான் கண்ணு," என்றார். "நாலு பேர்த்தக் கலந்துக்கறேன்."

நாலு பேரும் சரி என்றுவிட்டார்கள். பங்குனி முதல் செவ்வாய் பூக் கேட்டார்கள். சிவப்பு. பரவாயில்லை, முதல் வாரம் எப்போதும் அப்படித்தான் என்றார்கள். இரண்டாம் செவ்வாய் சிவப்பு. மூன்றாம் செவ்வாயும் சிவப்பு. பூ எடுத்தது என் அங்கன்வாடிக் குழந்தை. அந்தக் குட்டிக்குத் தினமும் முட்டை உரித்துக் கொடுக்கிற கை இது. இலையைப் பிரித்துச் சிவப்புப் பூவை என்னைப் பார்த்து ஆட்டிக் காட்டிச் சிரித்தது. அடுத்த செவ்வாய்க்கு முன்னால் அதற்கு ஏதாவது சொல்லிக்கொடுத்து வைக்கலாமா என்றுகூட எனக்குப் புத்தி போனது. எந்த இலையில் வெள்ளை என்று மடித்தவருக்கே தெரியாது. எனக்கு மட்டும் எப்படித் தெரியும்? யாருக்கு என்னத்தைச் சொல்லிக் கொடுப்பது?

சித்திரை பிறந்தது. வெள்ளைப் பூ வரவில்லை. ஊரே என்மேல் எரிச்சலாகிவிட்டது. கீழே பேளுக்குறிச்சியில் கல்யாணத்துக்குப் போனவர்கள் பந்தியில் உட்கார்ந்த சூட்டோடு எழுந்து கடைசி பஸ்ஸைப் பிடித்து வர வேண்டியிருந்தது. "ஆத்தாவ அவசரப்படுத்துனா இப்பிடித்தான். ஆரு கேக்கச் சொன்னாங்களோ அவீங்களக் கேளுங்க," என்று தண்ணீர்க் குழாயடியில் என் காதில் விழும்படி பேசினார்கள். நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். சொல்லக்கூடிய ஒரே பதிலைத்தான் சத்தியம் போட்டுப் பூட்டியிருந்தேனே.

எங்கள் ஊர்த் துணை சுகாதார நிலையத்தில் ஒரு நர்ஸ் இருக்கிறாள். தூத்துக்குடிப் பக்கத்துப் பெண், கடற்கரையில் பிறந்து வளர்ந்தவள். ரயில் டிக்கெட்டை அவள்தான் போனில் எடுத்துக் கொடுத்தாள். விடுமுறையில் முதல் வாரம் பூவுக்குக் காத்தே போய்விட்டது. டிக்கெட்டை ரத்து பண்ணச் சொல்லப் போனபோது என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"எதுக்குக்கா இப்படி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்க? கடல் எங்க போயிரப் போவுது? இன்னைக்கு இல்லாட்டி நாளைக்குப் பாத்துக்கலாம்லா."

அவள்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அதனாலேயே கோபம் இன்னும் ஏறியது.

மறுநாள் ஊர்க் கோடியில் இருக்கிற மிளகுக் காட்டில் கடைசிச் சுற்றுப் பறிப்பு. நான் சாப்பாடு கொண்டு போயிருந்தேன். அவர் பாதி மரத்தில் இருந்தார். அவருடைய வலக் கைக்குப் பக்கத்திலேயே பழுத்த கொத்து ஒன்று தொங்கியது. கீழே நின்ற எனக்கே தெரிந்தது. அவருக்குத் தெரியவில்லை. அதைத் தாண்டி வெறும் காற்றில் கையைப் போட்டார். கால் கணுவிலிருந்து நழுவியது. மூங்கிலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சறுக்கி, முழங்கையும் நெஞ்சும் சிராய்ந்து கீழே வந்து உட்கார்ந்தார். காட்டின் சொந்தக்காரர் ஓடி வந்தார்.

"மூங்கி வழுக்கிருச்சுங்க," என்றார் இவர். சிரிக்கவும் செய்தார்.

அதற்கடுத்த நாள் காலை வாசலில் நின்று எதிர்ச் சரிவைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். எத்தனை என்று அன்றைக்கு அவர் சொல்லவில்லை. எத்தனைங்க என்று நானே கேட்டேன். மூணு என்றார்.

அவர் காட்டுப் பக்கம் போனதும் நான் நேரே ஊர்க்கவுண்டர் வீட்டுக்குப் போனேன். கேழ்வரகு காயப்போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையை விரித்தார்.

"ஆத்தா குடுக்கலீன்னா நான் என்ன பண்ணட்டும் கண்ணு?"

"ஆஸ்பத்திரிக்குங்க மாமா," என்றேன். "அவருக்குக் கண்ணு போவுதுங்க. முழுசாப் போறதுக்கு முன்னால அவரு கடலப் பாக்கோணும்ங்கறாருங்க."

ஆஸ்பத்திரி என்று ஆரம்பித்ததைக்கூட எனக்கு ஒழுங்காகப் பொய்யாக முடிக்கத் தெரியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டு நின்று அழுதேன். அவர் கேழ்வரகைக் கிளறுவதை நிறுத்திவிட்டார்.

"இத்தன நாளா ஏன் சாமி சொல்லல?" என்றார். பிறகு, "நாளைக்கேனாலும் கெளம்புங்க. ஆஸ்பத்திரிக்குப் போறதாவே இருக்கட்டும். ஆத்தாகிட்ட நான் சொல்லிக்கறேன்," என்றார். நான் கும்பிட்டுவிட்டுத் திரும்பியபோது பின்னாலிருந்து, "அவன இனி மரத்துல ஏத்தாதீங்கன்னு நாலு ஊட்டுல சொல்லிப்போடறேன். நீ பயப்படாதே," என்றார்.

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். வேண்டாம் மாமா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் கணவர் மரம் ஏறக் கூடாது என்று மாசியிலிருந்து வேண்டிக்கொண்டிருந்தவளும் நான்தானே. இப்போது அது நடக்கப் போகிறது. சொன்னது நான்தான் என்று அவருக்குத் தெரியாமல் இருக்கப் போவதில்லை.

சாயங்காலத்துக்குள் இரண்டு வீட்டிலிருந்து ஆள் வந்துவிட்டது. மீதி மிளகை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அவர் ஒவ்வொருவருக்கும் சரிங்க சரிங்க என்றார். அவர்கள் போன பிறகு என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்த வட்டத்துக்குள் நான் முழுசாகத் தெரிந்தேனா என்று எனக்குத் தெரியவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இரண்டு நாள் பேசவே இல்லை. சோறு போட்டால் சாப்பிட்டார், சொட்டு மருந்து விட வந்தால் முகத்தை நிமிர்த்திக் கொடுத்தார். நான் நோட்டை எடுத்து அலமாரிக்கு மேல் வீசிவிட்டேன். கடலும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம் என்று இருந்தது.

மூன்றாம் நாள் காலையில் வெள்ளை வேட்டி ஒன்றை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

"பஸ்ஸு எத்தன மணிக்கு?" என்றார்.

திட்டத்தில் எழுதியது எதுவும் நடக்கவில்லை. எலுமிச்சம்பழம் வாங்க மறந்தேன், குமட்டியது எனக்குத்தான். ரயிலில் இடம் இல்லாமல் சேலத்திலிருந்து பஸ்ஸிலேயே போனோம். சென்னையில் இறங்கிய இடத்திலிருந்து கடற்கரைக்கு ஆட்டோ. காலை வெயில் அதற்குள் சுள்ளென்று அடித்தது. மணலில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டோம். அவர் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். ஊரில் ஒருநாளும் அப்படிப் பிடித்தவர் இல்லை. அலை காலைத் தொடும் இடத்தில் நிறுத்தினேன். நான் கடலைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைத்தான் பார்த்தேன்.

முதலில் நேராகப் பார்த்தார். வாய் லேசாகத் திறந்துகொண்டது. பிறகு மெதுவாகத் தலையை இடது பக்கம் திருப்பினார், கழுத்து போகும்வரை திருப்பினார். அங்கிருந்து மெல்ல வலது பக்கம் கொண்டுபோனார். மறுபடி இடது பக்கம். என் மணிக்கட்டில் பிடி இறுகியது.

"ஏ புள்ள, இது எங்க முடியுது? எந்தப் பக்கம் பாத்தாலும் ஓரமே தெரியலியே," என்றார். "என்ற கண்ணு அத்தனையும் போயிருச்சா?"

அப்போதுதான் நான் திரும்பிக் கடலைப் பார்த்தேன்.

"எனக்கும் தெரியலீங்க," என்றேன். "ஆருக்கும் தெரியாதுங்க. கடலு அப்பிடித்தானுங்க இருக்குது. நெசமாங்க."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நம்பவில்லை. நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். பக்கத்தில் நின்றவரைக் கேட்டுப் பாருங்கள் என்றுகூடச் சொன்னேன். அவர் என் கையைத் தட்டிக் கொடுத்தார்.

"அழுவாத கண்ணு," என்றார். "நடுவுல நல்லாத்தான் தெரியுது."