இந்த இடத்தில் நம்ம ஆள் என்ன சொல்வார்

ஃபெமினா டாக்டராகியிருக்க வேண்டியவள். சீனாவுக்கு மருத்துவம் படிக்கப் போய், கொரோனாவில் ஊர் திரும்பி, மறுபடி போக வழியில்லாமல் படிப்பைப் பாதியில் விட்டவள். அங்கிருந்து அவள் கொண்டுவந்தது சீன மொழி ஒன்றுதான். அதை வைத்துக்கொண்டு கோயமுத்தூரில் என்ன செய்வது? தன்னைப் போலவே ஏமாறப் போகிற பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம். பீளமேட்டில் எங்கள் கன்சல்டன்சியில் சேர்ந்தாள். வெளிநாட்டுக்கு மருத்துவம் படிக்க ஆள் அனுப்புகிற இடம். நான் அங்கே விசா, டிக்கெட் பார்ப்பவள். ஏமாறப் போகிற பிள்ளைகள் என்று நான் சொன்னது முதலாளி காதில் விழுந்தால் வேலை போய்விடும். போகட்டும்.

அவளுக்கு ஒரு பித்து உண்டு. ஆங்கிலப் பழமொழி ஒன்றைப் போர்டில் எழுதி, இதற்குச் சீனத்தில் என்ன என்று கேட்பாள். போனில் தட்டி, வார்த்தைக்கு வார்த்தை மாற்றிச் சொல்கிற பிள்ளைக்குச் செமத்தியாகத் திட்டு விழும்.

"வார்த்தையத் தூக்கிட்டுப் போகாதீங்க. இந்த இடத்துல அந்த ஊரு ஆளு என்ன சொல்லுவாருன்னு யோசிங்க."

இதில் ஒரு மிருகம் வந்தால் அதில் வேறொரு மிருகம் வரும், மிருகம் முக்கியமில்லை, யார் யாரிடம் எப்போது சொல்கிறார்கள் என்பதுதான் முக்கியம் என்பாள். பஸ்ஸில் போகும்போதும் டீ குடிக்கும்போதும் ஜோடி தேடிக்கொண்டே இருப்பாள். கிடைத்துவிட்டால் முகம் மலர்ந்துவிடும். "முதல்ல உனக்கொரு ஜோடியத் தேடு புள்ள" என்று நான் கிண்டல் செய்வேன். "அதுக்கு வார்த்தைக்கு வார்த்தை கெடைச்சாலும் போதுங்க அக்கா" என்று சிரிப்பாள். இருபத்தொன்பது வயதாகியிருந்தது அவளுக்கு.

அவளிடம் படித்தவர்களில் இந்தப் பித்து தொற்றிக்கொண்டது அருண்குமாருக்கு மட்டும்தான். மேட்டுப்பாளையம் பக்கம் பாக்குத் தோப்புக்காரர் சுப்பண்ணனின் ஒரே பையன். சீனாவுக்குப் போன பிறகும் புதிதாக ஏதாவது காதில் விழுந்தால், "ஏனுங்க மிஸ், இதுக்கு இங்கிலீஷ்ல ஜோடி சொல்லுங்க பாக்கலாம்" என்று குரல்செய்தி அனுப்புவான். கடைசி வருஷத்துக்கு வந்துவிட்டான். பட்டமளிப்பு விழாவுக்குப் போவதற்காக அவனுடைய அப்பாவும் அம்மா வெங்கடலட்சுமியும் பாஸ்போர்ட் எடுத்து வைத்திருந்தார்கள்.

போன ஆவணி மாதம், கல்லூரி வாசலில் அவன் ஓட்டிய மின்சார ஸ்கூட்டர் மீது ஒரு வேன் மோதியது. தலையில் அடி. அவனைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரியின் டாக்டர் எங்கள் அலுவலகத்துக்கு வீடியோவில் வந்தார். ஃபெமினாதான் பேசினாள். நிலைமை மோசம், ஆனால் உயிர் இருக்கிறது, நினைவு வந்துபோகிறது, அம்மாவைக் கேட்கிறான், பெற்றோர் சீக்கிரம் வந்தால் நல்லது என்றார் டாக்டர். முடிக்கும்போது ஒரு பழமொழி சொன்னார். கைவிடக்கூடிய நிலையிலும் விடாமல் வைத்தியம் பார்ப்போம் என்பதற்கு அவர்கள் சொல்வது. வார்த்தைக்கு வார்த்தை மாற்றினால், செத்த குதிரைக்கும் உயிருள்ள குதிரை என்றே வைத்தியம் பார்ப்பது என்று வரும்; அதில் சாவு வந்துவிடும். பெற்றவர்கள் காதில் அந்த வார்த்தை விழக் கூடாது என்று ஃபெமினா நினைத்தாள். வகுப்பில் செய்வதையே செய்தாள். இந்த இடத்தில் நம்ம ஆள் என்ன சொல்வார்?

சுப்பண்ணனுக்குப் போன் போட்டாள்.

"ஏனுங்க, அருண்குமார் அப்பாங்களா? தம்பிக்கு ஒரு ஆக்சிடென்ட் ஆகிப்போச்சுங்க. கொஞ்சம் சீரியஸ்ஸா இருக்குதுங்க. நீங்க ரெண்டு பேரும் ஒடனே கெளம்பி வாங்க."

 "சரிங்க கண்ணு" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் வைத்துவிட்டார்.

நம் பக்கம் சாவுச் செய்தியை யார் நேராகச் சொல்கிறார்கள்? சீரியஸ், உடனே கிளம்பி வா, அவ்வளவுதான். கேட்டவரும் திருப்பிக் கேட்கமாட்டார். கேட்டால் சொன்னவருக்குச் சங்கடம். ஃபெமினாவுக்கும் இந்த வழக்கம் தெரியும். சின்ன வயதிலிருந்து கேட்டது என்பதால்தான் அது அப்படியே வாயில் வந்தது. எல்லாம் முடிந்த பிறகு சொல்வது அது என்பது மட்டும் அந்த நிமிஷம் அவளுக்கு உறைக்கவில்லை.

சாயங்காலம் மறுபடி கூப்பிட்டாள். பையனின் தாய்மாமன் போனை எடுத்தார். "சொந்தமெல்லாம் வந்துட்டிருக்குதுங்க அம்மணி. அங்க ஆக வேண்டியத நீங்களே பாத்துக்குங்க, உங்களத்தான் நம்பியிருக்கறோம்" என்றார். விசா வேலையைத்தான் சொல்கிறார் என்று அவள் எடுத்துக்கொண்டாள். கல்லூரியிலிருந்து அழைப்புக் கடிதம் வாங்கினாள். நான் அவசர விசாவுக்கு வேண்டியதையெல்லாம் தயார் செய்தேன். பாஸ்போர்ட் வரவேண்டியதுதான் பாக்கி. மறுநாள் முழுக்கக் காத்திருந்தோம், யாரும் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. பெத்த பையன் அங்கே கிடக்கிறான், இவர்களுக்கு என்ன வந்தது என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அதற்கு அடுத்த நாள் காலையில் இருவரும் மேட்டுப்பாளையம் பஸ் ஏறினோம்.

வீட்டு முன்னால் சாமியானா போட்டிருந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே அருண்குமாரின் போட்டோவுக்கு மாலை போட்டு விளக்கு வைத்திருந்தது. பக்கத்தில் வெங்கடலட்சுமி சுவரில் சாய்ந்து கிடந்தார். அழுது அழுது அவருக்குக் குரலே போயிருந்தது.

ஃபெமினா செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடினாள். "உசுரோட இருக்காருங்க! அம்மா, அருண்குமார் உசுரோடதான் இருக்காருங்க!"

யாரும் நம்பவில்லை. ஒரு பெண் எழுந்து வந்து, இந்த நேரத்தில் இப்படிப் பேசாதே அம்மணி என்று அவள் கையைப் பிடித்து வெளியே இழுத்தார். ஃபெமினா உதறிவிட்டு ஆஸ்பத்திரிக்கு வீடியோ போட்டாள். குழாய்களுக்கு நடுவில் அவன் முகம் தெரிந்தது. மார்பு ஏறி இறங்கியது. வெங்கடலட்சுமி போனைப் பிடுங்கித் தன் முகத்தோடு சேர்த்துக்கொண்டார். சுப்பண்ணன் போட்டோவிலிருந்த மாலையை அறுத்து எறிந்தார். யாரோ சாமியானாவை அவிழ்க்க ஓடினார்கள். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் அழுதார்கள், சிரித்தார்கள். ஃபெமினா மட்டும் வாசலுக்குப் போய், அப்போதுதான் செருப்பைக் கழற்றிப் போட்டாள்.

அன்றே பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு வந்தோம். விசா எவ்வளவு அவசரமாக வருமோ அவ்வளவு அவசரமாக வந்தது. டிக்கெட்டும் போட்டேன். கிளம்புகிற அன்று மத்தியானம் பீளமேடு ஏர்போர்ட்டில் அவர்கள் விமானம் ஏற வேண்டும். அன்று காலையில்தான் டாக்டரிடமிருந்து தகவல் வந்தது. இந்த முறை அவர் பழமொழி எதுவும் சொல்லவில்லை. வீணாய்ப் போன அந்த இரண்டு நாள் கையில் இருந்திருந்தால் அந்த அம்மா முந்தின நாளே பையன் பக்கத்தில் இருந்திருப்பார். இதை நான் ஃபெமினாவிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை.

போனில் சொல்லிக்கொள்ளலாம், நீ போகாதே என்று முதலாளி தடுத்தார். ஃபெமினா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், பெற்றோரை விமான நிலையத்துக்கு அழைத்துவர ஏற்பாடு செய்திருந்த காரிலேயே ஏறினாள். நானும் கூடப் போனேன். அன்னூர் ரோட்டில் திரும்பும் வரைக்கும் உதட்டை அசைத்துக்கொண்டே வந்தாள். இந்தத் தடவை சுற்றி வளைக்கமாட்டேன், நேராகவே சொல்லிவிடுவேன் அக்கா என்றாள்.

கார் சத்தம் கேட்டதும் வெங்கடலட்சுமி புதுச் சேலையில் பையோடு வாசலுக்கு வந்துவிட்டார். பின்னாலேயே சுப்பண்ணன்.

ஃபெமினா இறங்கி அந்த அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, அருண்குமார் இறந்துட்டாருங்க. இன்னைக்குக் காலையில இறந்துட்டாருங்க."

சுப்பண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வெங்கடலட்சுமி உட்காரவில்லை. ஃபெமினாவின் கன்னத்தை மெல்லத் தட்டினார்.

"அழுகாத கண்ணு. அன்னைக்கும் இப்பிடித்தான் செத்துப்போச்சுன்னு சொல்லி ஒப்பாரியே வெச்சுப்போட்டோம். பையன் நல்லாத்தானே இருந்தான்? நானே பாத்தேனே. இவரு கெடக்கறாரு, நீ வா, நேரமாச்சு."

பையை மடியில் வைத்துக்கொண்டு காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். டிரைவர் காருக்குள்ளேயே பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார், வாசலில் பேசியது எதுவும் அவர் காதில் விழவில்லை.

"ஏர்போர்ட்டுக்குத்தானுங்களே?" என்று கேட்டார்.

"ஆமாங்க தம்பி, பையன் அங்க தனியா இருக்கறான். கொஞ்சம் வெரசா போங்க" என்றார் வெங்கடலட்சுமி.