ஞானம்மாவின் இரண்டு லிட்டர்

"இன்னா பாப்பா, இந்தத் தபா உப்பு எவ்ளோ?" என்று ஞானம்மாக்கா கேட்டார்.

"ஒன்னு புள்ளி ஆறுக்கா. போன தடவை ஒன்னு புள்ளி ஒன்னு."

"ஊட்ல உப்பே போடறதில்லையே!"

"இது சாப்பாட்டு உப்பு இல்லக்கா, கிரியேட்டினின். கிட்னி வெளியேத்தாம ரத்தத்துல உடற கழிவு. காலையிலேர்ந்து எவ்வளவு தண்ணி குடிச்சீங்க?"

சிரித்தார். "டூட்டியில எவ குடிப்பா? பாத்ரூம் மெயின் கேட்டாண்ட கீது. போய் வரதுக்குள்ள சூப்பர்வைசர் துளசிராமன் மூணு தபா வாட்ச்சைப் பார்ப்பான். அவன் கல்யாணத்துக்குக்கூட அத்தினி தபா நேரம் பாத்திருக்க மாட்டான்."

கும்மிடிப்பூண்டியில் ஒரு கிளினிக்கின் ரத்தப் பரிசோதனை அறையில் நான் வேலை செய்கிறேன். ஞானம்மா சிப்காட்டில் ஒரு இரும்புக் கம்பி ஆலையில் ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர். வயது ஐம்பத்தேழு. ஆரணிப் பக்கம் பிறர் வயலில் நாற்று நட்ட குடும்பம். பதினொரு வருடமாகச் சர்க்கரை. போன வருடம் இதயத் துடிப்பும் தாறுமாறாகிவிட்டது. ரத்தம் கட்டி மூளைக்குப் போய்விடாமலிருக்க ஒரு பழைய மாத்திரை சாப்பிட்டார். அதற்கு மாதாமாதம் ரத்தம் பார்க்க வேண்டும். மாதம் ஒரு ஷிப்ட் போய்விடும்.

அந்தத் தொல்லையில்லாத புது மாத்திரைக்கு மாற்றலாம் என்றார் டாக்டர். ஆனால் ஞானம்மாவின் எடை ஐம்பத்திரண்டு கிலோ. அந்த எடைக்கு உப்பு ஒன்றரையைத் தொட்டால் பாதி அளவுதான் தர வேண்டும். தேவையில்லாமல் பாதியாக்கினால் பக்கவாதத்துக்கு எதிரான பாதுகாப்பு குறையும். முழு அளவைத் தாங்காத கிட்னிக்கு அதைக் கொடுத்தால் ரத்தம் கசியும்.

தண்ணீர் விஷயத்தை டாக்டரிடம் சொன்னேன். தண்ணீர் குறைந்ததால்கூட உப்பு ஏறியிருக்கலாம், பழைய மாத்திரையே ஒரு வாரம் தொடரட்டும், நன்றாகத் தண்ணீர் குடித்துவிட்டு வரட்டும் என்றார்.

டூட்டியில் வாயை நனைத்துத் துப்புவதோடு சரி, விழுங்கக் கூடாது என்பது அந்த ஆலைப் பெண்களின் வழக்கம். யாரும் உத்தரவு போட்டதில்லை. புதிதாக வருபவளுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். ஞானம்மாவே எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்தவர்.

மறுநாள் இரண்டு லிட்டர் பாட்டிலைக் கொண்டுபோய்த் துளசிராமனின் மேஜைமேலேயே வைத்தார். மதியத்துக்குள் மூன்று முறை கேட்டுக்கு நடந்தார்.

"இன்னா ஞானம்மா, இது கம்பெனியா, உன் மாமியார் ஊடா?"

"மாமியார் ஊட்ல பாத்ரூம் பக்கத்துலயே கீது சார்."

"நாளைக்கு கேட்லயே நிறுத்திடுவேன்."

"நிறுத்து. மேல கேட்டா, மூத்திரம் போனா, அதான் நிறுத்தினேன்னு உன் வாயாலயே சொல்லு."

அவன் நிறுத்தவில்லை. நான்காம் நாள் அந்த மேஜைமேல் மூன்று பாட்டில்கள் நின்றன.

வாரம் முடிந்து பார்த்தபோது ஒன்று புள்ளி இரண்டு. புது மாத்திரையை டாக்டர் முழு அளவிலேயே எழுதினார். சீட்டை இரண்டு முறை மடித்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டவர், கிளம்பாமல் என் எதிரே உட்கார்ந்தார்.

"பாப்பா, நீ ரெண்டு பாஷையும் படிச்சவ. ஷெட்டாண்டயே பொம்பளைங்களுக்கு ஒரு பாத்ரூம் கட்டணும்னு எழுதிக் குடு. மேனேஜருக்கு இங்கிலீஷ்ல, துளசிராமனுக்குத் தமிழ்ல. 'பணிவுடன்' எல்லாம் போடாத. அந்த ஒன்னு புள்ளி ஆறைப் போடு. அடியில என் பேரைப் பெருசா போடு."