டாக்டர் உள்ளே சொன்னார், என்னிடம் வெளியே கேட்டார்கள்

கம்பவுண்டர் வேலை என்றால் மருந்து கலக்குவது என்று நினைப்பார்கள்; பாதி நேரம் டாக்டர் உள்ளே சொன்னதை வெளியே இன்னொரு தரம் சொல்லுவதுதான் வேலை. டாக்டர் முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்து, ஒன்றும் விளங்காமல் "சரிங்கய்யா" என்று எழுந்து வந்தவர்கள்தானே நாம் எல்லாரும். எழுபதுகளின் கடைசியில் சங்கரன்கோவிலில் ஒரு தனியார் டாக்டரிடம் இருந்தேன். அப்போது ஒரு குடும்பம் எங்கள் இரண்டு பேரையும் படுத்தின பாட்டைச் சொல்லுதேன்.

தலையாட்டல்

குருவிகுளம் பக்கத்திலிருந்து மாடசாமி வந்தான். தோளில் மூணு வயசு மகள் பேச்சி. காய்ச்சல், நெஞ்சு நிறையச் சளி. எங்கள் டாக்டர் கெட்டிக்காரர்தான், ஆனால் பேச்சில் பஸ்ஸைப் பிடிக்கப் போகிற அவசரம். மருந்து, கஞ்சி, வெந்நீர், எப்போது திரும்ப வரணும், எல்லாம் ஒரே மூச்சு. மாடசாமி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினான். நேரே என் ஜன்னலுக்கு வந்து, கொண்டுவந்த பாட்டிலை நீட்டி, "அய்யா என்ன சொன்னாவ அண்ணாச்சி?" என்றான்.

நான் சிவப்பு மருந்தை ஊற்றி, அளவுக்குக் கோடு வெட்டின காகிதத்தைப் பாட்டிலில் ஒட்டி, "வேளைக்கு ஒரு கோடு குடு, மூணாம் நாள் வா" என்றேன். பின்னால் வரிசை நின்றது, அதோடு விட்டேன். உள்ளேயே கேட்டிருக்கலாமே என்றதற்கு அவன் சொன்னான்: "அவ்வளவு படிச்சவுக மெனக்கெட்டுச் சொல்லுதாவ. வெளங்கலன்னு சொன்னா அவுக மனசு சங்கடப்படாதா?"

நாலு பங்கு

மூணாம் நாள் அவன் பெண்டாட்டி செல்லத்தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பாட்டில் காலி. பிள்ளைக்கு மேல்மூச்சு வாங்குது, விலாவில் குழி விழுது. டாக்டர் ஊசி போட்டுவிட்டு, "சாயந்திரத்துக்குள்ள இளைப்பு குறையலன்னா பாளையங்கோட்டை பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கணும். அதுவரை தாங்கணும்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "வே, நீரு மருந்தைச் சரியாத்தான் கலந்தீரா?" என்றார். நான் செல்லத்தாய் பக்கம் திரும்பினேன்.

ஒழுங்காகக் கொடுத்தாயா என்று கேட்டால், கொடுத்தேன் என்கிறாள். அவள் முகத்தில் பொய்யும் இல்லை. நான் ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்து, "வீட்டுல எப்படிக் குடுத்தியோ, அப்படியே செஞ்சு காட்டு தாயி" என்றேன். ஒரு கோட்டளவு டம்ளரில் ஊற்றினாள். சரிதான். அதிலிருந்து கரண்டியில் கொஞ்சம் எடுத்தாள். மறுபடி கொஞ்சம். மறுபடி, மறுபடி. நாலு கரண்டி. வீட்டில் நாலு பிள்ளைகள், மருந்தோ இனிப்பு. "ஒண்ணுக்கு ஊத்திக் குடுத்துட்டு மத்த மூணையும் வாயப் பாக்க வைக்கவா? நானும் பெத்தவதான அண்ணாச்சி."

இரண்டாவது பாட்டில்

பார்த்துக்கொண்டிருந்த டாக்டர், "நாலு பேருக்கும் குடுக்காதேன்னு நான் சொல்லலியேவே" என்றார். நானும் சொல்லவில்லை. சாயந்திரம் வரை தாயும் பிள்ளையும் பெஞ்சிலேயே கிடந்தார்கள். இரண்டாம் ஊசிக்கு அப்புறம் மூச்சு மெல்ல மெல்லச் சீரானது. பேச்சி கண் முழித்து ரொட்டி கேட்டாள். பாளையங்கோட்டைப் பேச்சு அதோடு நின்றது.

வேறு பாட்டிலில் புது மருந்து கொடுக்கும்போது டாக்டரே எழுந்து ஜன்னலுக்கு வந்தார். நிறுத்தி நிதானமாக, "இது பேச்சிக்கு மட்டும். மத்த மூணும் அழுதா என்ன செய்வே?" என்று கேட்டார். அவள் யோசித்தே வைத்திருந்தாள். காலிப் பாட்டிலை என் பக்கம் தள்ளினாள்: "இதுல கருப்பட்டித் தண்ணி ஊத்திக்கிடுதேன். நீங்க கோடு வெட்டின காயிதம் மட்டும் ஒட்டிக் குடுங்க அண்ணாச்சி, இல்லன்னா அதுக நம்பாது."

டாக்டரின் மறதி

அடுத்த வாரம் மாடசாமி மகளைக் கூட்டி வந்தான். அவள் பெஞ்சுக்கும் வாசலுக்குமாக ஓடிக்கொண்டிருந்தாள். டாக்டர் ஒரு டானிக் எழுதி, யாருக்கு, எவ்வளவு, எத்தனை நாள் என்று மெதுவாகச் சொன்னார். மாடசாமி வழக்கம்போலத் தலையாட்டினான். டாக்டர் விடவில்லை. "நான் என்ன சொன்னேன்னு நீ ஒரு தரம் சொல்லு பாப்போம்" என்றார்.

மாடசாமி அவரை ஒரு மாதிரிப் பார்த்தான். பிறகு ஒன்று விடாமல் சரியாகச் சொன்னான். வெளியே வந்து ஜன்னலில் குனிந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டான்: "பாவம், அய்யாவுக்கு ஞாபகம் தப்புது அண்ணாச்சி. இப்பச் சொன்னதை இப்பவே நம்மகிட்டக் கேக்காவ. நீங்கதான் கூட இருந்து பாத்துக்கிடணும்."

அதற்கப்புறம் வருகிறவர்கள் எல்லாரிடமும் டாக்டர் அப்படியே கேட்டுவந்ததால், குருவிகுளம் பக்கம் அவருக்கு மறதிக்காரர் என்று பெயர் பரவிவிட்டது; மருந்து மட்டும் சரியான வாய்க்குப் போய்ச் சேர்ந்தது.