காத்து என்று பெயர் வைத்தவர்கள்

என் தங்கைக்கு வலிப்பு நோய். இந்த ஒரு வரியை எங்கள் பெஹாலா வீட்டில் சத்தமாகச் சொல்ல முடியாது. அம்மாவுக்கு அது ‘காத்து பட்டது’. வங்காளத்துக்குக் குடிவந்து முப்பது வருஷமாகியும் அம்மாவுக்கு அந்த பாஷை சரியாக வராது. ஆனால் எதிர் ஃப்ளாட் வங்காளி அம்மாள், மாஷிமா, “பாதாஷ் லேகேச்சே” என்றதும் உடனே புரிந்துவிட்டது. அவர்கள் பாஷையிலும் கெட்ட காற்று பட்டது என்றுதான் அர்த்தம். இரண்டு பேருமாகக் காளிகாட் கோவிலுக்குப் போய், மாதுலி என்று ஒரு தாயத்தை வாங்கிவந்து தங்கை கையில் கட்டினார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆவி, காத்து, கருப்பு என்று கைக்குப் பிடிபடாததையெல்லாம் பேராக வைத்திருக்கிறோம். சூனியம் என்றாலே வெறுமை, ஒன்றுமில்லாதது. அந்த ஒன்றுமில்லாததை வைத்துத்தான் ஊரையே மிரட்டுகிறார்கள். வலிப்பு நேர்மையான சொல். வலிப்பது என்றால் இழுப்பது. துடுப்பு வலிப்பது என்கிறோமே, அதுதான். கைகால் இழுப்பதைப் பார்த்தவர் பார்த்ததைச் சொல்லியிருக்கிறார். அதில் பேயும் இல்லை, பிசாசும் இல்லை. அதைத்தான் வாயில் எடுக்கக்கூடாதாம்!

ஏன் என்று கத்தினேன். அம்மா அலட்டிக்கொள்ளவே இல்லை.

“காத்துன்னா விலகிப் போயிடும்டி. நீ சொல்றது கூடவே இருக்குமே. அவளை யார் கட்டிப்பா?”

சென்னையிலிருந்து தங்கையைப் பெண் பார்க்க வருவதாக இருந்த வாரம், வலிப்புக்கு அவள் தினமும் போடும் மாத்திரை டப்பா யார் கண்ணிலும் படக்கூடாதென்று அம்மா அதை எடுத்து ஒளித்துவைத்தாள். நாலு நாள்தானே என்று தங்கையும் தலையாட்டிவிட்டாள். எனக்கு யாரும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் குளியலறையில் கைகால் இழுத்து விழுந்தாள். முன்பல் இரண்டு போயிற்று. ஆஸ்பத்திரியில் டாக்டர், இதற்கு முன்னால் வந்திருக்கிறதா என்று கேட்டபோது அம்மா இல்லையென்று தலையசைத்தாள். அத்தனை பேர் முன்னாலும் நான் வாய்க்கு வந்தபடி அவளைத் திட்டினேன். பிறகு டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

மறுநாள் சென்னையிலிருந்து பிள்ளையின் அம்மா போன் செய்தார். “என்ன ஆச்சு, வரவேண்டாம்னு சொல்லிட்டேளே?”

அம்மா போனை என்னிடம் நீட்டினாள். கட்டிலில் வீங்கிய வாயோடு தங்கை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா மாமி,” என்றேன்.

தங்கை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.