பஞ்சநதம் பாலித் தீவுக்குப் போய் வந்தது

உரச்சாக்குகளைப் பிரித்து ஒன்றாகத் தைத்த படுதாவை வரப்பு முனையில் விரித்து மல்லாந்து படுத்துவிட்டார் பஞ்சநதம். காலை ஐந்தே முக்கால். கால்கள் அகன்று, கண்கள் மூடி, மூச்சு மெல்ல இறங்கி ஏறுகிறது. பக்கத்திலேயே இரண்டு ஆள் உயரத்துக்கு மண் கொட்டி எழுப்பிய புறவழிச் சாலையில் லாரி போகிறது, தரை அதிர்கிறது. அவர் அசைவதில்லை. இதற்குச் சவாசனம் என்று பேர். இரண்டு உள்ளங்கையும் வானத்தைப் பார்த்து விரிந்து கிடக்க வேண்டும் என்பது சட்டம். இவருக்கு இடது கைதான் விரிந்திருக்கும். வலது கை நெஞ்சின் மேல் பனியன் பையைப் பொத்திக்கொண்டிருக்கும். பையில் போன்.

கடையில் விற்கும் பனியனுக்குப் பை ஆழம் பத்தாது என்று, மாம்பழ நிறச் சேலைத் துணியில் பெரிய பை வெட்டிப் பொத்தான் வைத்துத் தைத்துக் கொடுத்தவள் மனைவி அகிலாண்டம். குளிக்கப் போனாலும் அந்தப் போன் படித்துறையில் கண்ணுக்கெதிரே இருக்க வேண்டும். முடிவெட்டிக்கொள்ளும்போது துணிக்கு வெளியே கையில் இருக்க வேண்டும். "இப்ப அடிக்கும் பாருங்க, ரெண்டு தடவ. அப்பறந்தான் எந்திரிப்பேன்" என்பார். ஆறு மணிக்கு அடிக்கும். இரண்டு தடவை அடித்து நின்றுவிடும். கூப்பிடு தூரத்தில் இருக்கும் சொந்த வீட்டிலிருந்து, சொந்தப் பெண்டாட்டி கொடுக்கிற மிஸ்டு கால். என்ன சேதி என்று கேட்டால், "சேதியெல்லாம் ஒண்ணுமில்லங்க. எனக்குக் கேக்குதான்னு பாக்குறா" என்று எழுந்து படுதாவைச் சுருட்டுவார்.

திருக்காட்டுப்பள்ளிக்குக் கிழக்கே, காவிரியிலிருந்து பிரியும் ஒரு வாய்க்காலை நம்பிய ஊர். பஞ்சநதத்துக்கு வயது அறுபத்து நாலு. அவருடைய அப்பா மிராசுதாரோடு மல்லுக்கட்டி, குத்தகைப் பதிவில் பேர் ஏற்றி, வழக்குக்கு அலைந்து செருப்பு தேய்ந்து, கடைசியில் கிரயம் பண்ணிய நிலம் ஆறு மா. ஏக்கர் கணக்கில் இரண்டு. அந்த இரண்டு ஏக்கரின் நடுமுதுகில்தான் புறவழிச் சாலைக்குக் கல் நட்டார்கள். ஊர் கொதித்து வாய்க்கால் தலைப்பில் பந்தல் போட்டது. பதினாலு மாதம் உட்கார்ந்தார்கள். ஒரு கரை வேட்டிக்காரர்கள் வந்து படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அடுத்த கரை வேட்டிக்காரர்கள் வந்து அவர்களும் எடுத்துக்கொண்டு போனார்கள். நாற்காலியில் ஆள் மாறினாலும் சாலையின் வரைபடம் மட்டும் மாறவில்லை. பந்தலில் கோஷத்துக்கு முதல் குரல் பஞ்சநதம்தான். அவர் எடுத்துக் கொடுத்தால் அடுத்த ஊருக்குக் கேட்கும்.

யோகாசனம் அவருக்கு ஒட்டிக்கொண்டது அங்கேதான். சும்மா உட்கார்ந்திருக்கிற ஜனத்துக்குப் பொழுது போக வேண்டுமே என்று, ஓய்வு பெற்ற டிரில் வாத்தியார் ரெத்தினம் காலையில் ஆசனம் சொல்லிக் கொடுத்தார். மற்றவர்கள் நாலே நாளில் டீக்கடைக்கு நழுவிவிட்டார்கள். ஐம்பது வருஷம் சேற்றில் குனிந்து இரும்பாகிப் போன இவர் முதுகு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. கேள்விப்பட்ட மகள் தையல்நாயகிக்குத் தலைகால் புரியவில்லை. அவள் சிங்கப்பூரில் வேலையில் இருக்கிறாள். பாலித் தீவில் பத்து நாள் யோகா முகாமுக்கு இரண்டு பேருக்கு இடம் போட்டுவிட்டு, "எங்கூட வாங்கப்பா. வயலுக்கு நடுவுலதான் இடமே, உங்களுக்குப் பிடிக்கும்" என்றாள்.

போவதா வேண்டாமா என்று பஞ்சநதம் யோசிக்காமல் இல்லை. சம்சாரியின் கணக்காகவே யோசித்தார். மார்கழி பிறந்துவிட்டது. மேலுரம் போட்டாயிற்று, களை எடுத்தாயிற்று. சம்பா கதிர் வாங்கிப் பால் பிடிக்கிற நேரம். தண்ணீர் காட்ட அகிலாண்டம் போதும். சாலைக்காரன் வந்துவிட மாட்டானா என்று ரெத்தினம் வாத்தியார் கேட்டதற்கு இவர் சிரித்தார். "பால் புடிச்ச பயிரு வாத்தியாரே. புள்ளத்தாச்சி மாரி. அதுல எவன் மிசின எறக்குவான்? தை அறுப்புக்கு அப்பறந்தான் வருவான்." இந்த ஒரு நம்பிக்கையில்தான் அவர் விமானம் ஏறினார். அது சம்சாரிக்குத்தான் தோன்றும். மிசின் ஓட்டுகிறவனுக்குப் பயிர் என்றால் பச்சையாக இருக்கிற மண், அவ்வளவுதான்.

பாலியில் இறங்கியதும் போனை வாங்கி ஒரு மரப்பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டாள் முகாம் நடத்துகிற ஹாலந்துக்காரி. மகளுடைய போனும் அதே பெட்டியில். பத்து நாளைக்குப் பேச்சும் கிடையாது. இவருக்கு முதல் இரண்டு நாள் உயிர் போயிற்று. சாப்பாடு என்று பச்சைக் காய்களை அரிந்து வைத்தார்கள். ஒரு சொட்டுப் புளிக்குழம்புக்கு நாக்கு அலைந்தது. வெள்ளைக்காரர்கள் நெல்வயலைப் பார்த்துக் கண்ணீர் விட்டதைக் கண்டு இவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பேசக் கூடாதென்பதால் வயிற்றுக்குள்ளேயே சிரித்தார்.

மூன்றாம் நாள் வேறு மாதிரி ஆனது. முகாமை ஒட்டிப் படிப்படியாக இறங்கும் வயலில் தலையில் துண்டு கட்டிய ஒரு கிழவன் களை பறித்துக்கொண்டிருந்தான். பஞ்சநதம் பக்கத்தில் போய்க் குந்தி, சுருண்ட நெல் இலை ஒன்றைப் பிரித்து உள்ளே இருந்த புழுவைக் காட்டினார். கிழவன் தலையாட்டினான். பிறகு இரண்டு பேருமாகக் களை பறித்தார்கள். கிளம்பும்போது கிழவன் கிராம்பு மணக்கும் சுருட்டு ஒன்றைக் கொடுத்தான். அன்றிலிருந்து தினமும் போனார். கோஷம் போட்டுப் புண்ணாகியிருந்த தொண்டை ஆறியது. முதுகு வலி இருந்த இடம் தெரியவில்லை. ஏழாம் நாள் சவாசனத்தில் அப்படியே தூங்கிப் போனார். பதினாலு மாதத்தில் அப்படி ஒரு தூக்கம் கிடையாது. எழுப்பிவிட்ட மகளைப் பார்த்துக் குழந்தை மாதிரி சிரித்தாராம்.

"அப்ப அங்க ஒம்பதர மணி. நம்ம ஊருக்கு ஏழு" என்று சொல்லி நிறுத்துவார். இதற்கு மேல் அவர் சொல்லக் கேட்க முடியாது, ஊர்தான் சொல்லும். ஏழு மணிக்குப் போலீசோடு இரண்டு மிசின்கள் வந்தன. அகிலாண்டம் புருஷனைக் கூப்பிட்டாள். மகளைக் கூப்பிட்டாள். மறுபடி புருஷனை. பால் பிடித்த கதிர் சங்கிலிச் சக்கரத்துக்கு அடியில் மடிவதைப் பார்த்துக்கொண்டே கூப்பிட்டாள். பிறகு போனை வரப்பில் வைத்துவிட்டு வயலில் இறங்கி, மிசினுக்கு முன்னால் சேற்றில் மல்லாந்து படுத்துவிட்டாள். நாலு பெண் போலீஸ் சேர்ந்து தூக்கினார்கள்.

பத்தாம் நாள் பெட்டியைத் திறந்தார்கள். அகிலாண்டத்தின் எண்ணிலிருந்து நாற்பத்து மூன்று அழைப்புகள். ரெத்தினம் வாத்தியார் அனுப்பிய வீடியோ ஒன்று. அதில் ஆள் அடையாளம் தெரியவில்லை, சேற்றுக்குள் மாம்பழ நிறச் சேலை மட்டும் தெரிந்தது. ஹாலந்துக்காரி எல்லாரையும் கட்டிப் பிடித்து விடை கொடுத்துக்கொண்டிருந்தாள். பஞ்சநதத்தையும் கட்டிப் பிடித்தாள்.

ஆறு மாவில் நாலு மா சாலைக்குப் போயிற்று. மிஞ்சிய இரண்டு மா சாலைக்கு அந்தண்டை, தண்ணீர் மடை தூர்ந்துபோய்க் கிடக்கிறது. நிலம் போனதைக்கூட அவர் பேசிவிடுகிறார். "நான் இருந்திருந்தாலும் போயிருக்கும்" என்று அவரே சொல்வார். அவரால் தாங்க முடியாதது அந்தப் பத்து நாளின் சந்தோஷம். அதை நினைத்தால் தன்மேலேயே காறித் துப்பத் தோன்றுகிறதாம். அவர் ஊருக்கு வந்த அன்றும் அகிலாண்டம் ஒன்றும் கேட்கவில்லை, இன்றுவரையும் கேட்கவில்லை. "ஏன் எடுக்கலன்னு ஒரு வார்த்த கேட்டு, நாலு வசவு வஞ்சுட்டான்னா தேவலங்க. சோறு போடுறா, பனியனுக்குப் பை தச்சுத் தர்றா. கேக்க மாட்டேங்குறா."

போன செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்குப் போன் அடிக்கவில்லை. ஆறே கால் ஆயிற்று. எடுத்துப் பார்த்தார், சிக்னல் இருந்தது. ஆறரை ஆனபோது படுதாவை அப்படியே போட்டுவிட்டு, ராத்திரி மழையில் ஊறிய வரப்பில் வழுக்கி, சாலைச் சரிவில் கையூன்றி ஏறி, லாரிக்குக் குறுக்கே விழுந்தடித்து வீட்டுக்கு ஓடினார். அகிலாண்டம் வாசலில் குந்தி அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து, மூச்சிரைக்க நிற்கும் மனுஷனை மேலும் கீழும் பார்த்தாள். முழங்கால் வரைக்கும் சேறு.

"ராத்திரி பூரா கரண்ட் இல்ல. எம் போனு செத்துப் போச்சு" என்றாள்.

கையிலிருந்த போனை அவளிடம் நீட்டினார்.

அகிலாண்டம் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். போனை வாங்கிக் கண்ணருகே பிடித்துச் சத்தத்தைக் கடைசிக் கோடு வரைக்கும் ஏற்றினாள். அதை அவர் பனியன் பைக்குள் இறக்கிப் பொத்தானைப் போட்டாள்.