பேனருக்கு ஒரு பெயர்

இன்று காலை கடம்பத்தூர் ஸ்டேஷனில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது கைபேசி அதிர்ந்தது. பழைய கம்பெனி ஆட்களின் வாட்ஸப் குழு. வழக்கமாக அதில் குட்மார்னிங் ரோஜாக்களும் முழங்கால் வலிக்கு வைத்தியமும்தான் வரும் என்பதால் நான் திறப்பதில்லை. இன்று என்னவோ திறந்துவிட்டேன். பாபு எழுதியிருந்தான்: "நம்ம லூசு போய்ட்டான்பா. சாயந்திரம் நாலு மணிக்கு அடக்கம். பேனர் அடிக்கணும். அவன் பேரு இன்னா, யாருக்காச்சும் ஞாபகம் கீதா?"

அதற்குக் கீழே முப்பது பேர் வரிசையாகக் கைகூப்பியிருந்தார்கள். பெயரைத்தான் யாரும் சொல்லவில்லை. ஒருவர் ஜோசப் என்றார், இன்னொருவர் ஜான் என்றார், அப்புறம் இரண்டு பேருமே தெரியவில்லை என்று பின்வாங்கிவிட்டார்கள். அவங்க அக்காவையே கேளேன் என்று ஒருவர் யோசனை சொல்ல, பாபு பதில் போட்டான்: "எட்டு வருசம் ஒண்ணா வேல செஞ்சிட்டு, பேரு இன்னான்னு அவங்களாண்ட எப்டிபா கேக்கறது? அசிங்கமா கீது."

எனக்குத் தெரியும். இனிஷியலோடு தெரியும், அப்பா பெயரோடு தெரியும். உனக்கு மட்டும் எப்படித் தெரியும் என்று யாராவது திருப்பிக் கேட்டுவிட்டால் என்ன சொல்வது? விரல் நகரவில்லை. டீ ஆறிக்கொண்டிருந்தது.

ஸ்டேஷன் கழிப்பறையில் யாரோ ஆசிட் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார்கள். மூக்கின் அடியில் போய் உட்காரும் அந்த நெடி எனக்குப் புதிதல்ல. கும்மிடிப்பூண்டியில் மூன்று வருடம் அதைத்தான் சுவாசித்தேன். இரும்புச் சாமான்களுக்குத் துரு ஏறாமல் துத்தநாக முலாம் பூசித்தரும் கம்பெனி அது. சாமானை முதலில் ஆசிட் தொட்டியில் முக்குவார்கள், கழுவிக் காயவைப்பார்கள், பிறகு கிரேனில் தூக்கி உருகிய துத்தநாகத் தொட்டியில் இறக்குவார்கள். தொட்டியின் மேல்பரப்பு கண்ணாடி போல அசையாமல் கிடக்கும். பார்த்தால் சாதுவாகத்தான் இருக்கும். கிட்டே போனால் புருவ முடி சுருங்கும்.

நான் டைம் ஆபீஸ் கிளார்க். என்னுடைய ஒரே தகுதி கையெழுத்து. பள்ளிக்கூடத்தில் அதற்காக ஒரு டிபன் பாக்ஸ் பரிசு வாங்கியவன். அதே டிபன் பாக்ஸில்தான் கம்பெனிக்கும் சோறு கொண்டுபோனேன் என்றால் என் பெருமையை நீங்களே புரிந்துகொள்வீர்கள்.

இறந்துபோன அவர் காண்ட்ராக்ட் ஆள். (அவரை 'அவர்' என்று எழுத எனக்கு இப்போதுதான் கை வருகிறது. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அன்றைக்கு 'டா'தான்.) காண்ட்ராக்ட் ஆட்களின் பெயர் எங்கள் வருகைப் பதிவேட்டில் வராது. கேன்டீன் டோக்கன் பட்டியலில் மட்டும் வரும், அதை எழுதுவது நான். காண்ட்ராக்டர் ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டே வந்து, "அப்றம் நம்ம லூசு" என்றார். முழுசாக எழுத ஏதோ கூச்சமாக இருந்தது. 'லூ' என்று மட்டும் எழுதினேன். அந்தக் கூச்சம் வரைக்கும் நான் நல்லவன்தான்.

அவருக்கு என்ன என்று இப்போதும் எனக்குத் தெரியாது. யார் முகத்தையும் பார்த்துப் பேசமாட்டார். சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருப்பார். சாப்பாட்டு நேரத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுவார். தரையில் போட்ட மஞ்சள் கோட்டைத் தாண்டி ஒரு அடி வைக்கமாட்டார், நடுவில் லாரி நின்றால் அது நகரும்வரை அவரும் நிற்பார். இவ்வளவுதான். இதற்கு நாங்கள் வைத்திருந்த பெயர்களைப் பாருங்கள். லூசு, அரை லூசு, மெண்டல், மறை கழண்டது, கீழ்ப்பாக்கம் கேஸு. கேட்டால் எல்லாம் பாசத்தில் சொல்வதுதான் என்போம். சேகர் என்று ஒரு பையன், தொட்டிக்குப் பக்கத்தில் கொக்கிக் கம்பி பிடிப்பவன், கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. தினமும் அவன் பொட்டலத்தைப் பிரித்து, "இன்னா லூசு, நாஷ்டா துன்னியா? இந்தா" என்று பாதியைக் கொடுப்பான். அவன் வாயில் அந்தச் சொல் உண்மையாகவே பாசமாகத்தான் இருந்தது. அதுதான் எனக்கு இன்றும் பேஜாராக இருக்கிறது.

அவருடைய வேலை, தொட்டிக்குப் போகும் சாமான்களில் துளை பார்ப்பது. குழாயோ உள்ளீடற்ற சட்டமோ, இரண்டு முனையிலும் துளை இருக்க வேண்டும். அடைபட்டு இருந்தால் உள்ளே மாட்டிய காற்றும் ஈரமும் தொட்டிக்குள் போனதும் வெடிக்கும். அவர் ஒவ்வொன்றையும் வெளிச்சத்துக்கு எதிராகத் தூக்கி, கண்ணை வைத்துப் பார்த்து, "தெரியுது" என்று உரக்கச் சொல்லித்தான் கீழே வைப்பார். அந்தப் பக்க வெளிச்சம் வராவிட்டால் "தெர்ல." ஒரு நாளைக்கு இருநூறு தடவை, ஒரே குரலில். ஷெட் முழுக்க அதைப் பேசிக்காட்டி விளையாடுவோம். நான் அதில் கெட்டிக்காரன். அவருடைய தொண்டை கட்டிய குரல் எனக்கு அச்சாக வரும். நான் மெமோ எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குள் நுழைந்தாலே, "எங்க, லூசு மாதிரி சொல்லு" என்று கேட்பார்கள்.

அந்த நாளைப் பற்றி எழுத எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. மதியம் மூன்று மணி இருக்கும். வெயில் கூரைத் தகரத்தைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. குழாயில் செய்த பதினோரு இரும்பு கேட்டுகள் வந்திருந்தன, அன்றைக்கே அனுப்பியாக வேண்டும், லாரி வாசலில் நின்றது. நான் அனுப்பும் சீட்டோடு உள்ளே போனபோது அவர் கேட்டுகளின் மூலை மூலையாகக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தார். எல்லா முனையையும் வெல்டிங் வைத்து மூடியிருந்தார்கள்.

"தெர்ல," என்றார்.

கிரேனில் பாபு. சூப்பர்வைசர் கையை ஆட்டினார். "அவன் கெடக்கறான். நீ தூக்கு பாபு, லாரி நிக்குது."

"தெர்ல. தெர்ல." இந்த முறை அவர் மஞ்சள் கோட்டைத் தாண்டி வந்தார். எட்டு வருடத்தில் தாண்டாத கோடு. தொட்டிக்கு முன்னால் கையை விரித்து நின்றார். பாபுவின் கை ஒரு கணம் நின்றது. அந்த ஒரு கணம் அப்படியே நீடித்திருந்தால் போதும்.

நான்தான் அவர் குரலில், "தெர்ல, தெர்ல" என்றேன்.

ஷெட்டே சிரித்தது. சேகர் சிரித்துக்கொண்டே அவர் தோளைப் பிடித்து, "வா லூசு, இப்டி ஓரமா நில்லு" என்று ஒதுக்கி நிறுத்திவிட்டு, அந்த இடத்தில் தான் போய்க் கொக்கிக் கம்பியைப் பிடித்தான். பாபு இறக்கினான்.

சத்தத்தைப் பற்றி எழுதமாட்டேன். துத்தநாகம் கூரைவரை வெள்ளையாக எழும்பியது என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது. சேகர் மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்தான்.

விசாரணைக்கு அதிகாரி வரப்போகிறார் என்றதும் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். கையெழுத்து நன்றாக இருப்பவன் நான்தானே. "துளை பாக்கறவன் தடுத்தான்னு எழுதினா, தெரிஞ்சே இறக்கினோம்னு ஆகும். எல்லாரும் உள்ள போக வேண்டியதுதான். அவன் எப்படிப்பட்ட ஆளுன்னு ஊருக்கே தெரியும். அதை எழுது, போதும்."

வாக்குமூலம் வாங்கப் போனேன். ஆசிட் தொட்டிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். "உம் பேரு இன்னா?" என்றேன். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பெயர் கூப்பிட்டதுபோல எழுந்து நின்றார்.

"மா. இஸ்ரவேல். அப்பா பேரு மாணிக்கம்." அப்புறம் சுவரிடமே சொன்னார்: "பதினோரு கேட்டு. ஒண்ணுகூட தெர்ல. மூணு வாட்டி சொன்னேன். நாலாவது வாட்டி நீ சொன்ன."

அவர் கேலியாகச் சொல்லவில்லை. கேலி அவருக்கு வராது. கணக்கு சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். நான் எழுதினேன். 'மா. இஸ்ரவேல், த/பெ மாணிக்கம் (சித்த சுவாதீனம் இல்லாதவர்). இவரது கூற்று நம்பத்தக்கதல்ல.' அடைப்புக்குறிகூட அழகாக வந்தது. கீழே எல்லோரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். பொய் என்று யாருக்கும் தோன்றவில்லை. தினமும் வாயால் சொன்னதைத்தானே எழுத்தில் பார்க்கிறார்கள். விபத்துக்குக் காரணம் சேகருடைய கவனக்குறைவு என்று விசாரணை முடிந்தது. சேகரின் மனைவி வள்ளூரிலிருந்து வந்து என் மேஜை முன்னால் நின்று, "அவரு மேலதான் தப்புன்றாங்களே, நெஜமாண்ணா?" என்று கேட்டாள். பேப்பரில் அப்படித்தான் இருக்கிறது என்றேன். அப்படி இருந்ததே என் கையெழுத்தில்தான்.

இப்படிப்பட்ட ஆளைத் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்திருப்பது ஆபத்து என்று அந்த வாரமே அவரை நிறுத்திவிட்டார்கள். ஒரு மாதம் போல கம்பெனி கேட்டுக்கு வெளியே வந்து நின்றார். உள்ளே போகும் லாரிகளில் இருக்கும் குழாய்களைக் குனிந்து பார்ப்பார். டைம் ஆபீஸ் ஜன்னல்வரை கேட்கும். தெரியுது, தெரியுது, தெர்ல. நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டு எழுதினேன். ஒருநாள் திறந்து பார்த்தபோது அவர் இல்லை. அந்த அமைதி அதைவிட மோசமாக இருந்தது. அடுத்த மாதமே திருவள்ளூரில் ஒரு வக்கீல் ஆபீசில் வேலை தேடிக்கொண்டு ஓடிவந்துவிட்டேன்.

இப்போது அந்த ஷெட் இல்லை. தொட்டியைப் பெயர்த்து விற்றுவிட்டார்கள், அந்த இடத்தில் ஏதோ குடோன் என்று பாபு ஒருமுறை எழுதியிருந்தான். மஞ்சள் கோட்டின் மேல் புதுத் தரை போட்டிருப்பார்கள். நான் எழுதிய காகிதம் எந்த அலமாரியில் செல்லரித்ததோ. கம்பெனியில் அந்தப் பெயர் இருந்த ஒரே காகிதம் அது. அதன்பிறகு அந்தப் பெயர் என்னிடம் மட்டும்தான் இருக்கிறது.

ரயில் வந்து போய்விட்டது. நான் ஏறவில்லை. பத்தே முக்காலுக்கு 'மா. இஸ்ரவேல்' என்று தட்டி அனுப்பினேன். உடனே பாபு, "யாருபா அது?" என்றான்.

அந்தச் சொல்லைப் போட்டால்தான் அவனுக்குப் புரியும். போட்டேன். குழுவில் கட்டைவிரல்கள் வந்தன. எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. அந்தக் கேள்விக்குத்தான் இத்தனை வருடம் பயந்திருந்தேன்.

மதியம் பேனரின் படம் வந்தது. கண்ணீர் அஞ்சலி. மங்கலான ஒரு புகைப்படம், கழுத்துவரை போட்ட பொத்தான். கீழே பெரிய எழுத்தில், மா. இஸ்ரவேல் (எ) லூசு. அதை எடுத்துவிடச் சொல்லி எழுதினேன். "அடிச்சி கட்டியாச்சிபா. அது இல்லன்னா யாருன்னு எவனுக்குத் தெரியும்? பாசத்துலதான போட்டுகீது" என்றான் பாபு.

அவருடைய அக்காவுக்குப் படிக்கத் தெரியாது என்று எப்போதோ கேள்விப்பட்ட ஞாபகம். அது உண்மையாக இருக்க வேண்டும் என்று நாலு மணிவரை வேண்டிக்கொண்டே இருந்தேன்.